எம்.புக்கில் ஏறாத கணக்கு

"சைபர்லேருந்து பத்துக்குள்ள எத்தனை சார்?" என்று யாராவது என் வலியைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. எலும்பு மருத்துவர் கேட்டார், வலி மருத்துவர் கேட்டார், ஊசி போட வந்த பயிற்சி மருத்துவர் கேட்டார். வலியே இல்லையென்றால் சைபர், இதற்குமேல் உயிர் தாங்காது என்றால் பத்து. நான் நெடுஞ்சாலைத் துறையில் அளவெடுத்தே பிழைத்தவன். ஜல்லியின் கனம், தார்க்கலவையின் சூடு, சாலையின் வாட்டம் என்று எல்லாவற்றையும் அளந்து எம்.புக்கில் ஏற்றினால்தான் ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸாகும். எம்.புக்கில் இல்லாத வேலை செய்யாத வேலை. அப்படிப்பட்டவன் கையில் டேப்பைக் கொடுக்காமல் அளவை மட்டும் கேட்டால் என்ன செய்வான்? வாய்க்கு வந்ததைச் சொல்வான். நான் பெரும்பாலும் ஐந்து என்றேன். அதிகமாகச் சொன்னால் நடிப்பு என்பார்கள், குறைத்துச் சொன்னால் மாத்திரையைக் குறைத்துவிடுவார்கள்.

விழுந்தது 2016 மழைக்காலத்தில். கருங்கல் பக்கம் ஒரு வேலையைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் நாகர்கோவிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கும் நேரம். வேகம் நாற்பதைத் தாண்டியிருக்காது. காலையில் அதே வழியாகப் போனபோது இல்லாத வேகத்தடை ஒன்று மாலையில் இருந்தது. வெள்ளைக்கோடு கிடையாது, பலகை கிடையாது, ஈரத்தார் ஈரத்தாரோடு கலந்து கிடந்தது. வண்டி ஒரு பக்கம் போக, நான் மேலே போய் உட்கார்ந்த வாக்கில் ரோட்டில் இறங்கினேன். தலைக்கவசத்தில் கீறல்கூட விழவில்லை. சட்டைப்பையில் பேனா அப்படியே இருந்தது.

ரத்தம் இல்லாத விபத்தை ஜனங்கள் விபத்தாகவே எடுத்துக்கொள்வதில்லை. "ஒண்ணும் ஆகல்ல, எழும்பும் சாரே" என்று இரண்டு பேர் என் கக்கத்தில் கைகொடுத்தார்கள். ஒருவர் சோடா உடைத்துக்கொண்டு ஓடிவந்தார். நம் ஊரில் எந்த விபத்துக்கும் முதலுதவி சோடாதான். எனக்கோ மூச்சை இழுத்தால் பாதியில் நிற்கிறது. இடுப்புக்கு மேலே யாரோ கடப்பாரையை வைத்து நெம்புகிற மாதிரி இருக்கிறது, வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. "தொடாதீங்கல! ஆளை மடக்காதீங்க!" வயதான சுமட்டுத் தொழிலாளி ஒருவர். தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார் போல. பக்கத்தில் பூட்டிக்கிடந்த பெட்டிக்கடையின் நிரைப்பலகையில் இரண்டைக் கழற்றச் சொன்னார். அந்தப் பலகைகளை அத்தனை கிட்டத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒவ்வொன்றின் தலையிலும் பெயின்டால் எண் எழுதியிருந்தது. வரிசை மாறினால் கடை அடைபடாதல்லவா. மூன்றையும் நான்கையும் சேர்த்து வைத்து, நான்கு பேர் என்னை மரக்கட்டையைப் புரட்டுவதுபோலப் புரட்டாமல் ஒரே மட்டத்தில் நகர்த்தி ஏற்றினார்கள். நெஞ்சிலும் தொடையிலும் தோர்த்தால் கட்டினார்கள். டெம்போவில் போகிறபோது நான் யோசித்துக்கொண்டிருந்தது, கடைக்காரன் இனி எப்படிக் கடையைப் பூட்டுவான் என்று.

"யாரு பலகையில கொண்டுவந்தது?" என்று மருத்துவமனையில் கேட்டார்கள். கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கித் திணித்துக் கொண்டுவருகிறவர்களைத்தான் அவர்கள் அதிகம் பார்க்கிறார்கள். உடைந்த எலும்பு நிலையில்லாததாக இருந்தால் அந்த மடக்கலிலேயே தண்டுவடம் நசுங்கிவிடலாம். எனக்கு உடைந்தது எல்-1. விலா எலும்புகளோடு சேர்ந்து விறைத்து நிற்கும் மேல்முதுகும், வளைந்து கொடுக்கும் கீழ்முதுகும் கூடுகிற இடம். உட்கார்ந்தபடி விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வட்டாரத்தில்தான் அடிவிழுமாம். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்காட்டிய மருத்துவர், நான் பொறியாளர் என்று தெரிந்ததும் உற்சாகமாகிவிட்டார். டெனிஸ் என்பவர் 1983-ல் முதுகெலும்பை முன், நடு, பின் என்று மூன்று தூண்களாகப் பிரித்துக் காட்டினார். முன்தூண் மட்டும் நசுங்கி நடுத்தூண் நின்றுவிட்டால் மொத்தமும் நிற்கும். எனக்கு முன்பக்க உயரத்தில் கால்வாசி போயிருந்தது, நடுத்தூண் நின்றது. நரம்பில் கோளாறில்லை. "அறுவை சிகிச்சை வேண்டாம். பெல்ட்டு போட்டா எலும்பு தானா கூடிடும். மூணு மாசம்" என்றார். தூண் கணக்கு எனக்குப் புரிந்தது. நிம்மதியாகக்கூட இருந்தது.

பெல்ட் என்று அவர் சொன்னது டெய்லர்ஸ் பிரேஸ் என்ற சமாசாரம். முதுகில் நெட்டுக்கு இரண்டு இரும்புப் பட்டை, வயிற்றுக்கு ஒரு அகலத் துணி, தோளைச் சுற்றிக் கக்கத்து வழியாக இழுத்துக்கட்ட இரண்டு வார். படுத்தபடியே ஒருக்களித்து, மனைவி அதைக் கீழே செருக, மல்லாந்து, பிறகு கட்ட வேண்டும். கட்டாமல் எழுந்து உட்காரக்கூடாது. உள்ளே பனியன் இல்லாமல் போட்டால் சாயங்காலத்துக்குள் தோல் உரியும். கக்கத்தில் வார் அறுக்கும். ஆனால் பெல்ட்டைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு, அதைப் பற்றி எந்த மருத்துவரும் வாய்திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்கு இருந்தது குத்தவைக்கிற கக்கூஸ். முதுகில் இரும்பைக் கட்டிக்கொண்டு எவனால் குத்தவைக்க முடியும்? வீட்டுக்கு வந்த முதல் நாள் அந்தக் கதவுக்கு முன்னால் நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் என் மச்சினன்தான் வடசேரியில் அலைந்து, நடுவில் ஓட்டையுள்ள ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வாங்கிவந்தான். முதுகு ஒடிந்தவனுக்கு முதலில் எழுதிக்கொடுக்க வேண்டிய மருந்து அதுதான் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு முதுகோடு வந்தார்கள். பக்கத்துவீட்டுப் பெரியவருக்கு 1980-களில் தென்னையிலிருந்து விழுந்த முதுகு. என் சித்திக்குப் பிள்ளைப்பேற்றில் வந்த குறுக்குவலி. புத்தூருக்குப் போகலாம், கார் பேசவா என்றார் ஒருவர். முதுகெலும்புக்கு மூங்கில் பத்தை வைத்து எங்கே கட்டுவது என்று அவர் யோசிக்கவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டில்கள் அலமாரியில் வரிசைகட்டின. அம்மா யாரையும் கேட்கவில்லை. கருப்பட்டி பாகு காய்ச்சி, நல்லெண்ணெய் விட்டு உளுந்தங்களி கிண்டிக்கொண்டு வந்து நின்றாள். "வயசுக்கு வந்த பிள்ளைக்கில்லா இதக் குடுப்பாவ" என்று என் மகள் சிரித்தாள். "குறுக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான். நீ தின்னு மக்கா" என்றாள் அம்மா. பிரண்டைத் துவையலும் வந்தது. எண்ணெயில் சரியாக வதக்காவிட்டால் நாக்கு அரிக்கும் என்பதைத் தவிர அதைப்பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

எலும்பு சொன்ன சொல் தவறாமல் கூடியது. எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிந்தது. பெல்ட்டைக் கழற்றினார்கள். பணிக்குத் தகுதி என்று சான்று வாங்கி அலுவலகத்துக்குப் போனேன். வலி மட்டும் என்னோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தது.

காலையில் எழுந்ததும் முதுகு பலகை. முற்பகலில் கொஞ்சம் இளகும். மூன்று மணிக்குமேல் உட்கார்ந்திருந்தால் எல்-1-க்குக் கீழே ஒரு கையகலத்துக்குச் சூடு பரவி, இடது புட்டம் வரைக்கும் இறங்கும். இருமினால், தும்மினால் தனி. "எக்ஸ்ரேயில ஒண்ணுமில்லையாமே" என்று சக ஊழியர்கள் அக்கறையாகத்தான் கேட்டார்கள். அந்த அக்கறைக்குள் ஒரு சின்னக் கேள்விக்குறி இருந்ததை நானும் அவர்களும் பார்க்காததுபோல இருந்தோம். பெல்ட்டு இருந்தவரை எனக்கு மரியாதை இருந்தது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். கழற்றிய மறுநாள் நான் நல்ல ஆள். ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் வண்டியின் இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் படித்தேன். ஓட்டுகிற உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பு, இருசக்கர வாகனத்துக்கு அப்போது ஒரு லட்சம் ரூபாய். 2018-க்குப் பிறகுதான் அது 15 லட்சமானது. மரணம் என்றால் முழுத்தொகை. இரண்டு கண், இரண்டு கைகால் என்றால் முழுத்தொகை. ஒன்று போனால் பாதி. நிரந்தரமாக முற்றிலும் முடங்கினாலும் முழுத்தொகை. நடமாடிக்கொண்டு வலிக்கிறவனுக்கு அந்தப் பட்டியலில் வரியே இல்லை. குறை சொல்லவில்லை. அளக்க முடியாததற்கு நானும்தான் எப்போதாவது பில் பாஸ் பண்ணியிருக்கிறேனா?

பிறகு கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். மூன்று மாதத்துக்குமேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். காயம் ஆறுகிற காலம் முடிந்தபிறகும் நிற்பதால் அதற்குத் தனிக் கணக்கு. கிளிஃபோர்டு வூல்ஃப் என்ற ஆராய்ச்சியாளர், அடிபட்ட இடத்திலிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தால் தண்டுவடத்து நரம்புகளே கூருணர்வு பெற்றுவிடுகின்றன, பிறகு சின்னத் தொடுகையைக்கூட அவை வலியாக்கிக் காட்டும் என்று கண்டு எழுதினார். அதுவும் 1983-ல்தான். டெனிஸ் தூண்களை எண்ணிய அதே வருஷம். எனக்கு ஒரு மருத்துவர் முதலாவதைச் சொன்னார், இரண்டாவதைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. ஆனால் அது எனக்குச் சட்டென்று விளங்கியது. எங்கள் துறையில் பாலத்து வேலை முடிந்து மாதக்கணக்கான பிறகும் 'பணி நடைபெறுகிறது, மாற்றுப்பாதையில் செல்க' என்ற பலகை அங்கேயே நிற்கும். லாரிக்காரன் அதைப் பார்த்து இன்னமும் சுற்றிக்கொண்டுதான் போவான். அவன்மேல் என்ன தப்பு? பலகை பொய் சொல்கிறது என்று அவனுக்குத் தெரியுமா?

பலகையை யார் எடுப்பது என்பதுதான் பிறகு வந்த வருஷங்களின் விஷயம்.

திருவட்டாறுக்கு அந்தப்பக்கம் ஒரு வர்ம ஆசானிடம் போனேன். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன் இந்தப் படியை ஏறாமல் இருக்க முடியாது. உடம்பில் வர்மம் 108, அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆசானுக்கு எழுபது வயதிருக்கும். என்னைக் கவிழ்த்துப் போட்டு, கழுத்திலிருந்து கீழே ஒவ்வொரு முடிச்சாகப் பெருவிரலால் எண்ணிக்கொண்டே வந்தார். எல்-1-க்கு வந்ததும் விரல் நின்றது. படம் எதையும் நான் அதுவரை காட்டியிருக்கவில்லை. "ஒடிஞ்சது இது. இங்க நான் கை வைக்கமாட்டேன். சுத்தியுள்ள சதையைத்தான் பாப்பேன்" என்றார். காயத்திருமேனி எண்ணெயை வெதுவெதுப்பாக்கி, புட்டத்திலும் தொடையின் பின்பக்கத்திலும் விலாவோரத்திலும் நெடுநேரம் தடவினார். அன்று ராத்திரி வெகுநாளுக்குப் பிறகு புரண்டு படுத்துத் தூங்கினேன். இரண்டு நாளில் பழையபடி வந்துவிட்டது. எண்ணெயின் குணமா, கையின் குணமா, ஒரு மனுஷன் அவ்வளவு நேரம் பேசாமல் என் முதுகைக் கேட்டுக்கொண்டிருந்ததன் குணமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கைவைக்க மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த வைத்தியரை நம்பலாம் என்பது மட்டும் தெரிந்தது. ஓடவைக்கிறேன் என்று முதுகில் ஏறி மிதிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்ததில் புதிதாக ஒன்று கிளம்பியது. எல்-4, எல்-5 நடுவே டிஸ்க் புடைத்திருக்கிறது என்று அறிக்கை. வீட்டில் அன்று சோறு இறங்கவில்லை. அந்தத் தாளோடுதான் பிசியோதெரபி பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்தது என் மகளைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண். தாளை வாங்கி, மடித்து, என் கையிலேயே கொடுத்தாள். "சார், முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ.யில படுக்கவைச்சுப் பாத்திருக்காங்க, அமெரிக்காவுல. 1994-ல வந்த ஆராய்ச்சி. பாதிக்குமேல ஆளுகளுக்கு டிஸ்க் பொடைச்சுதான் இருந்துது. நரைச்ச முடிக்கு யாராவது ஆஸ்பத்திரிக்கு வருவாங்களா?"

சைபரிலிருந்து பத்து என்று அவள் கேட்கவில்லை. ஒரு படிவத்தை எடுத்தாள். ஆஸ்வெஸ்ட்ரி என்று பெயர். 1980-ல் வெளிவந்ததாம். பத்துப் பகுதி, ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து ஐந்து மதிப்பெண். குளித்து உடுத்த முடிகிறதா, எவ்வளவு எடை தூக்குகிறீர்கள், எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், எவ்வளவு நேரம் உட்காரமுடிகிறது, நிற்கமுடிகிறது, தூக்கம் எப்படி, பயணம் எப்படி. ஒவ்வொன்றாக வாசித்துவந்தவள் ஒரு பகுதியில் மட்டும் தொண்டையைச் செருமி, படிவத்தை என் பக்கம் திருப்பி, "இத நீங்களே போட்டுடுங்க சார்" என்றுவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். நான் போட்டேன். கூட்டி இரட்டித்தால் சதவீதம் வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. வலியை அளக்க வேண்டாம், வலி தின்றுபோட்ட வாழ்க்கையை அளக்கலாம். அதற்கு மீட்டர் உண்டு, நிமிஷம் உண்டு, கிலோ உண்டு.

"வலியினால எதெதை விட்டீங்க?" என்று கேட்டாள். யோசித்தால் பட்டியல் நீண்டது. தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டிருந்தேன். குனிந்து செருப்பு வாரைப் போடுவது, தண்ணீர்க் குடம், கல்யாணப் பந்தி. வேலையில், குந்தி உட்கார்ந்து நூல் பிடித்து வாட்டம் பார்ப்பதை விட்டு, பையன்களைப் பார்க்கச் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். வலிக்கும் என்று விட்டது பாதி. உடைந்துவிடும் என்று பயந்து விட்டது பாதி. கூடிய எலும்பு குனிந்தால் உடையாது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அவள் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கச் சொன்னாள். கவிழ்ந்து படுத்து முழங்கையில் ஊன்றி மார்பைத் தூக்கச் சொன்னாள். எங்கள் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் புஜங்காசனம் என்று சொல்லிக்கொடுத்ததில் பாதி. வலித்தால் நிறுத்த வேண்டாம், மறுநாள் காலையிலும் அந்த வலி ஏறியே இருந்தால் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள் என்றாள். நடையைத் தெருமுனை வரை, பிறகு அடுத்த மின்கம்பம் வரை என்று கம்பம் கம்பமாகக் கூட்டினேன். பாக்கெட் நோட்டில் எழுதிவைத்தேன். எழுதாத வேலை செய்யாத வேலை.

அந்தக் காலத்தில்தான் ஒருநாள் டேப்பை எடுத்துக்கொண்டு, விழுந்த இடத்துக்கு ஆட்டோவில் போனேன். மனைவி தலையிலடித்துக்கொண்டு கூட வந்தாள். இந்திய சாலைப் பேராயத்தின் 99-ஆம் எண் விதிநூலில் வேகத்தடைக்கு இலக்கணம் இருக்கிறது. வட்டத்தின் ஆரம் 17 மீட்டர், சாலைநெடுக அகலம் 3.7 மீட்டர், உச்சியில் உயரம் 10 சென்டிமீட்டர். அப்படி அமைத்தால் 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவன் அலுங்காமல் தாண்டுவான். கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். என்னைத் தூக்கிப்போட்டது முக்கால் மீட்டர் அகலம்கூட இல்லை. உயரம் ஒரு சாண். அது வேகத்தடை அல்ல, வரப்பு.

அளந்துகொண்டிருக்கும்போது ஒரு பெண் வந்து, "பொளிக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். அவள் மகனை ஒரு வண்டி அங்கேதான் அடித்தது. கால் ஒடிந்து பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தான். மனு கொடுத்திருக்கிறார்கள், பதில் வரவில்லை. பக்கத்துத் தெருவுக்குத் தார் போட வந்தவர்களிடம் மிச்சத்தைக் கெஞ்சி வாங்கி ராத்திரிக்குள் அவர்களே போட்டுவிட்டார்கள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. அப்படி ஒரு கட்டு மனுக்கள் என் மேசையிலும் எப்போதும் கிடக்கும். எங்கள் மாவட்டத்தில் வீட்டுவாசலும் ரோடும் ஒன்று, வாசலுக்கு ஒரு தடை கேட்காதவர் கிடையாது. எல்லாவற்றுக்கும் போட்டால் ரோடே இருக்காது. அவளிடம் கோபப்பட எனக்கு வழி இல்லாமல் போயிற்று. டேப்பைச் சுருட்டிக்கொண்டு, "பொளிக்கல்ல, வெள்ளை அடிக்கச் சொல்லுதேன்" என்றேன். அடிக்கவும் செய்தார்கள்.

இப்போது வலி போய்விட்டதா என்றால், இல்லை. ஐப்பசி கார்த்திகையில் வரும், கல்யாண வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் வரும், பின்சீட்டில் வரும். பஸ்ஸில் பின்சக்கரத்துக்குப் பின்னால் உட்காருவதில்லை. சக்கரத்துக்கு வெளியே நீளும் பகுதி நெம்புகோல் மாதிரிதானே எகிறும். இரண்டு அச்சுக்கும் நடுவில் இடம் கிடைக்காவிட்டால் நின்றே வருவேன். தடை வருகிற இடம் எனக்கு மனப்பாடம், அதற்குமுன் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்வேன். கண்டக்டர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பந்தியில் தரையில் உட்கார்ந்துவிடுகிறேன், எழும்ப ஒரு கை மட்டும் வேண்டும். ஆஸ்வெஸ்ட்ரி படிவத்தை வருஷத்துக்கொரு தரம் நானே போட்டுப் பார்க்கிறேன். அந்த ஒரு பகுதி உட்பட.

போன மாதம் மச்சினன் நல்லமிளகு பறிக்க ஏறி ஏணியோடு சரிந்துவிட்டான். எல்-2. நரம்புக்கு ஒன்றுமில்லை, அதே பெல்ட்டு. பார்க்கப் போனபோது கட்டிலைச் சுற்றி நாலைந்து பேர், நாலைந்து முதுகுக் கதைகள். ஹார்லிக்ஸும் வந்திருந்தது. நான் பரணில் கிடந்த அந்த ஓட்டை ஸ்டூலைக் கழுவி எடுத்துப் போயிருந்தேன். அவன் பெண்டாட்டி அதைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

எல்லோரும் போனபிறகு அவன் கேட்டான்: "அத்தான், உள்ளதச் சொல்லுங்க. இது எப்ப மாறும்?"

"எலும்பு மூணு மாசத்துல கூடிரும்."

"நான் வலியைக் கேட்டேன்."

"பெல்ட்ட ஏன்டே இவ்வளவு மேல ஏத்திக் கெட்டியிருக்க? கக்கத்த அறுக்கும். ஒருக்களிச்சுப் படு" என்று சொல்லிவிட்டு, வாரை அவிழ்த்து இரண்டு விரல்கடை கீழே இறக்கிக் கட்ட ஆரம்பித்தேன். "பனியன் எத்தனை இருக்கு வீட்டுல?"